பச்சைக் குழந்தையுடன் நெடுந்தூரப் பயணம்



பொங்கல், தீபாவளி என்று நாலு நாள் விடுமுறை சேர்ந்து வந்தால் நம் மக்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. மூட்டை முடிச்சுடன் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். பாட்டன் பாட்டியைப் பார்ப்பதும், உற்றார் உறவினரோடு கூடி உண்பதும் நல்ல வழக்கமே. ஆனால் மடியில் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை இருந்தால் என்ன செய்வது? போகலாமா, கூடாதா? போனால் எப்படிப் போவது? இவற்றை விளக்கவே இச்சிறு பிரசுரம்.

ஒரு வீட்டில் நடக்கும் பேச்சைக் கேளுங்கள்.

செங்கற்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்த பெண்ணுக்கு மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்து 14ஆம் நாள். குழந்தையைப் பார்க்கக் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தார். அன்றைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மாமியாரும் வந்திருந்தார்.

"நர்சம்மா, பொங்கலுக்குப் பிள்ளையை ஊருக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம். கார் சொல்லியாச்சு. சாயந்திரம் ஏறினா விடியக்காலம் ஊரு" என்றார் மாமியார்.

"பொங்கலன்னைக்குக் குழந்தைக்கு 26 நாள்தானே ஆகும், அம்மா? அஞ்சாம் மாசம் அழைச்சுப் போறதுதானே வழக்கம்? இப்ப என்ன அவசரம்?"

மாமியார் கண் கலங்கினார். "எங்க மாமனாருக்கு எண்பத்திரண்டு வயசு. படுத்த படுக்கையா கெடக்காக. கொள்ளுப்பேத்தி மொகத்தைப் பாத்துட்டுக் கண்ணை மூடணும்னு ஒரே பொலம்பல். நான் என்ன செய்ய?"

செவிலியர் உடனே 'கூடாது' என்று சொல்லவில்லை. முதியவரின் ஆசையும் பெரிய விஷயம்தான். குழந்தையை எடை பார்த்தார். பிறந்தபோது 2 கிலோ 900 கிராம். இப்போது 3 கிலோ. பிறகு கேட்டார்: "தாத்தாவுக்கு உடம்புக்கு என்ன?"

"இருமல்தான். மூச்சு வாங்குது. ரெண்டு மாசமா ராத்தூக்கமே கெடையாது."

"இருமல் ரெண்டு மாசமாவா? சளி சோதனை பண்ணினீங்களா?"

"இல்லையே!"

செவிலியர் உட்கார்ந்து விவரமாகச் சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னவற்றைக் கீழே தருகிறோம்.

முதல் 28 நாள் ஏன் முக்கியம்?

பிறந்த நாள் முதல் 28 நாள் வரை உள்ள குழந்தையையே பச்சிளங் குழந்தை என்கிறோம். மனித ஆயுளில் மிகவும் ஆபத்தான காலம் இதுவே. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் உயிருடன் பிறக்கும் 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 42 குழந்தைகள் 5 வயதுக்குள் இறந்துவிடுகின்றன. அவற்றில் 25 குழந்தைகள் முதல் 28 நாட்களுக்குள்ளேயே இறக்கின்றன. அதாவது பாதிக்கும் மேல்.

இதற்குக் காரணங்கள் உண்டு. பச்சைக் குழந்தைக்குத் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. நமக்கு இதமாக இருக்கும் மார்கழிக் காற்று அதற்குக் கடுங்குளிர். மூடிய காரின் வெக்கையும் அதற்கு ஆகாது. நோய்க் கிருமிகளை எதிர்க்கும் சக்தியும் குறைவு. பெரியவருக்குச் சாதாரண ஜலதோஷம் என்றால், அதே கிருமி குழந்தைக்கு நிமோனியாவாக மாறலாம். மேலும், நோய் வந்தால் அது வாய் திறந்து சொல்லாது. பால் குடிப்பதை நிறுத்தும், துவண்டு கிடக்கும், அவ்வளவுதான். ஓடும் வண்டியில், இருட்டில், 'பிள்ளை நல்லாத் தூங்குது' என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

ஆகவே ஒத்திப்போடக்கூடிய பயணமாயின், குழந்தைக்கு 6 வாரம் முடியும் வரை ஒத்திப்போடுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தை, மஞ்சள் காமாலைக்காகவோ மூச்சுத் திணறலுக்காகவோ மருத்துவமனையில் இருந்து வந்த குழந்தை ஆகியவற்றை 6 வாரம் ஆனாலும் டாக்டரைக் கேட்காமல் வெளியூர் கொண்டுபோகக் கூடாது.

பிரசவமான பிறகு 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டுக்கே வந்து தாயையும் சேயையும் பார்ப்பது நடைமுறை. ஊர் மாறிப் போவதாயிருந்தால் முன்கூட்டியே செவிலியரிடம் சொல்லுங்கள். போகிற ஊர்ச் செவிலியருக்குத் தகவல் கொடுக்க வசதியாக இருக்கும்.

தடுப்பூசிக் கணக்கு

பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசி, போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலை 'பி' ஊசி ஆகியவை போடப்படுகின்றன. அடுத்த தவணை 6 வாரத்தில், அதாவது 42ஆம் நாள். அன்று தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி உள்ளிட்ட 5 நோய்களைத் தடுக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்தும் ஊசியும், நிமோனியாத் தடுப்பூசி, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து எல்லாம் கொடுக்கப்படும். பிறகு 10ஆம் வாரம், 14ஆம் வாரம்.

நம் நாட்டில் காட்டுப் போலியோ கிருமியால் கடைசிக் குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. தாய்மார்கள் தவணை தவறாமல் வந்ததாலேயே இது முடிந்தது. ஊருக்குப் போகும் சாக்கில் தவணையைத் தவற விடாதீர்கள். 6 வார ஊசி போட்டு இரண்டு நாள் கழித்துக் கிளம்புவது நல்லது. ஊசி போட்ட அன்று லேசான காய்ச்சல் வரலாம். அது வீட்டோடு போகட்டும்.

எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். தாய் சேய் நல அட்டையும் 'பிக்மி' எண்ணும் கையில் இருக்க வேண்டும். பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரங்களில் சிறு கொப்புளம் வந்து உடையும். ஊரில் பாட்டிமார் அதைப் பார்த்துப் பதறி மருந்து தடவ வேண்டாம். அது தானே ஆறும்.

தாயின் உடம்பு

குழந்தையைப் பற்றியே பேசுகிறோம். பெற்றவளுடையதும் பச்சை உடம்புதானே! பிரசவமான 6 வாரம் வரை கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்கு வந்துகொண்டிருக்கும். வயிற்றில் அறுத்துத் தைத்த தாய்க்கு வண்டியின் குலுக்கல் ஒவ்வொன்றும் வலி. மணிக்கணக்கில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் கால் நரம்பில் இரத்தம் உறையும் ஆபத்தும் இக்காலத்தில் அதிகம்.

'பிள்ளை பெத்தவ தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்' என்று சில வீடுகளில் தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கிறார்கள். இது தவறு. பால் கொடுக்கும் தாய்க்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும். வழியில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் வருவதும் தவறு. வண்டியை நிறுத்துங்கள், அவள் இறங்கி நாலடி நடக்கட்டும். இரும்புச் சத்து மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் சாப்பிட வேண்டும். அவற்றைப் பையில் எடுத்து வைக்க மறக்க வேண்டாம்.

ஒரு வலதுகால் அல்லது இடதுகால் மட்டும் வீங்கி வலித்தாலும், உதிரப்போக்கு திடீரென அதிகமானாலும், துர்நாற்றம் வீசினாலும், காய்ச்சல், கடும் தலைவலி, மூச்சுத் திணறல் வந்தாலும் பயணத்தை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எந்த வண்டியில் போவது?

மோட்டார் சைக்கிள் வேண்டவே வேண்டாம். பக்கத்து ஊர்தானே என்றாலும் கூடாது. பச்சைக் குழந்தையின் கழுத்து தலையைத் தாங்காது. தலைக்கவசத்தை எப்படித் தாங்கும்?

கும்பல் நிறைந்த பண்டிகைக் காலப் பேருந்தும் ஏற்றதல்ல. இருமுபவர் அருகே இருப்பார், குழந்தைக்கு நகர இடமிருக்காது. தூங்கும் வசதி கொண்ட இராப் பேருந்தில் தாய் அயர்ந்து தூங்கும்போது குழந்தை நசுங்கவோ விழவோ கூடும். பேருந்தில்தான் போக முடியும் என்றால் பண்டிகைக் கூட்டம் கழிந்த ஒரு நாளில், பகலில் போங்கள். பேருந்து நிலையங்களில் 2015 முதல் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டுள்ளன, கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைத்தால் மிகவும் நல்லது. தாய் எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு, நிம்மதியாகப் பால் கொடுக்கலாம்.

சொந்தக் காரோ வாடகைக் காரோ என்றால் ஒன்றைக் கவனியுங்கள். 'எம்மடியைவிட எது பாதுகாப்பு?' என்று தாய்மார்கள் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், 3 கிலோ குழந்தை அந்த நொடியில் ஏறத்தாழ 60 கிலோ எடையின் இழுப்போடு முன்னால் பாயும். எந்தத் தாயின் கையாலும் அதைப் பிடித்து வைக்க முடியாது. தாயின் பெல்ட்டைக் குழந்தையையும் சேர்த்துப் போடுவது இன்னும் மோசம். தாயின் பாரமே குழந்தையை நசுக்கும்.

ஆகவே பச்சைக் குழந்தைக்கென்று உள்ள தனி இருக்கையைப் பின் சீட்டில், குழந்தையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கும்படி பொருத்த வேண்டும். காற்றுப்பை உள்ள முன் சீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது. 14 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெல்ட் அல்லது இத்தகைய இருக்கை கட்டாயம் என்று 2019இல் மோட்டார் வாகனச் சட்டமும் திருத்தப்பட்டுள்ளது. இருக்கை கிடைக்கவில்லையா? ரயிலுக்குச் சீட்டு எடுங்கள்.

இருக்கையில் இருக்கும் குழந்தையின் தாடை நெஞ்சில் இடித்தபடி கவிழ்ந்தால் மூச்சு அடைக்கும். பக்கத்தில் ஒருவர் விழித்திருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். கனமான போர்வையைச் சுற்றிய பிறகு வாரைப் பூட்டக் கூடாது. வாரைப் பூட்டிய பிறகு மேலே போர்த்தலாம்.

வழி நெடுக

செங்கற்பட்டிலிருந்து திருநெல்வேலி 550 கிலோமீட்டருக்கு மேல். ஒரே ஓட்டமாக ஓட்ட வேண்டாம். முதல் நாள் திருச்சி வரை ஏறத்தாழ 275 கிலோமீட்டர், இரவு தங்கி, மறுநாள் மதுரை வழியாக மிச்சம் 300 கிலோமீட்டர் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இராப் பயணம் வேண்டாம். தை மாசி விடியற்காலையில் பனிமூட்டம் இருக்கும். வெயில் ஏறிய பிறகு கிளம்பி, பொழுது சாய்வதற்குள் தங்குமிடம் சேர வேண்டும். ஓட்டுநர் முந்தைய இரவு நன்றாகத் தூங்கியவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றரை மணி, அதிகம் போனால் இரண்டு மணிக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்துங்கள். குழந்தையை இருக்கையிலிருந்து வெளியே எடுத்துப் பால் கொடுங்கள். ஓடும் வண்டியில் பால் கொடுக்க வேண்டாம். நாளொன்றுக்கு 8 முதல் 12 தடவை குழந்தை பால் குடிக்க வேண்டும். பயண நாளிலும் அதே கணக்குதான். 24 மணி நேரத்தில் 6 தடவையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுமென்று அர்த்தம்.

தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கூடாது. வெந்நீர், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், தேன் எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் நரம்பைத் தாக்கும் கடும் நோய் வரக்கூடும். 'வண்டியில் அழாமல் தூங்கட்டும்' என்று சளி மருந்து கொடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. இது குழந்தையின் மூச்சையே நிறுத்தக்கூடிய காரியம். தாய் தானே வாந்தி மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதும் கூடாது.

நாம் உடுத்துவதைவிட ஒரு சுற்று கூடுதலாகக் குழந்தைக்கு உடுத்தினால் போதும். வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். வயிறும் பாதமும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வயிறு சூடாக இருந்து பாதம் சில்லென்றால் குளிர் தாக்கத் தொடங்கியிருக்கிறது. தாய் தன் நெஞ்சோடு தோலோடு தோலாக அணைத்து மேலே போர்த்திக்கொண்டால் அதுவே சிறந்த கணப்பு. இதை வண்டியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். குளிர்சாதனக் காற்று முகத்தில் நேரே படக் கூடாது. டீ குடிக்க இறங்கும்போது, ஒரு நிமிடமானாலும், குழந்தையைப் பூட்டிய காரில் விட்டுப் போகக் கூடாது. வெயிலில் மூடிய கார் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும்.

கூட எடுத்துச் செல்ல வேண்டியவை: தாய் சேய் நல அட்டை, துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய வேட்டித் துணிகள், தொப்பி, காலுறை, காய்ச்சல் பார்க்கும் கருவி, சோப்பு, கொசுவலை, தாய்க்குக் குடிநீர், தின்பண்டம், மாத்திரை. பால் புட்டி வேண்டாம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அறிகுறிகள்

பால் குடிக்காமை, வலிப்பு, தொட்டு எழுப்பினாலும் துவண்டு கிடத்தல், நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்குதல், மூச்சு விடும்போது நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தல், உடல் சுடுதல் அல்லது சில்லிட்டுப் போதல், தொப்புளில் சீழ் அல்லது சுற்றிலும் சிவத்தல், உள்ளங்கை உள்ளங்காலில் மஞ்சள் நிறம், உதடு நீலம் பாய்தல். இவற்றில் ஒன்று இருந்தாலும் 'ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்று இருக்கக் கூடாது.

108க்குப் போன் செய்யுங்கள், இலவசம். இந்த வழியில் முண்டியம்பாக்கம், திருச்சி, மதுரை, விருதுநகர், திருநெல்வேலி ஆகிய இடங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. கிளம்பும் முன்பே இவற்றைத் தாளில் எழுதி ஓட்டுநரிடமும் ஒன்று கொடுங்கள்.

ஊர் போய்ச் சேர்ந்த பிறகு

பயணத்தைவிட இதுதான் பெரிய சோதனை! ஊரே திரண்டு வரும். ஆளுக்கு ஆள் தூக்கிக் கொஞ்சுவார்கள். அன்பைத் தடுக்க வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். முகத்தில் முத்தம் வேண்டாம். சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் தள்ளி நின்று பார்க்கட்டும். சேனை வைத்தல், கழுதைப்பால் புகட்டல், மூக்கில் எண்ணெய் விடல், கண்ணுக்கு மை தீட்டல், சாம்பிராணிப் புகை காட்டல் எதுவும் வேண்டாம். சொல்லத் தாய்க்குத் தயக்கமாக இருக்கும். சொல்ல வேண்டியவர் தகப்பனார். 'டாக்டர் சொல்லியிருக்காங்க' என்று நம் பெயரிலேயே பழியைப் போட்டுவிடுங்கள்!

வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், குழந்தை வருமுன் சளி சோதனை செய்துகொள்ள வேண்டும். காசநோயாக இருந்தால் சிகிச்சை முழுவதும் இலவசம். பி.சி.ஜி. ஊசி குழந்தைகளின் கடுமையான காசநோயைத் தடுக்கும். என்றாலும் இருமுபவர் மடியில் குழந்தையை விடலாம் என்று அர்த்தமல்ல.

இன்னொரு சொல். பால் கொடுக்கும் காலத்தில் கருத்தரிக்காது என்று நம்பியிருக்க வேண்டாம். மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே கரு உண்டாகலாம். ஒரு பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் 3 ஆண்டு இடைவெளி தாய்க்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது. காப்பர்-டி, 'அந்தரா' ஊசி, 'சாயா' மாத்திரை, ஆணுறை எல்லாம் அரசு நிலையங்களில் இலவசம். 6ஆம் வாரம் ஊசி போட வரும் நாளில் கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

பொங்கல் கழிந்தது

செவிலியர் சொன்னதைக் கேட்டு மாமியார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பெரியவுக மனசு கேக்காதே, தாயி" என்றார்.

"இப்பவே போன்ல முகத்தைக் காட்டுங்க, அம்மா. அப்புறம் அவருக்குச் சளி சோதனை பண்ணுங்க. தை பிறந்து 20 நாள்ல, ஊசியும் போட்டுக்கிட்டு, தாராளமா அழைச்சுப் போங்க. கொள்ளுப்பேத்திக்காகக் காத்திருக்கிறவருக்கு ஒரு மாசம் பெரிசில்லை."

அப்படியே நடந்தது. போனில் குழந்தையைப் பார்த்த பெரியவர், "எங்க அம்மை மாதிரியே இருக்கு" என்றாராம். பொங்கல் முடிந்த மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி கொடுத்தார். காசநோய் இல்லை, பழைய மூச்சிரைப்புதான் என்று தெரிந்தது. மருந்து கொடுத்ததும் இரவில் தூக்கம் வந்தது. 45ஆம் நாள் கிளம்பி, திருச்சியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் சாயங்காலம் குழந்தை ஊர் போய்ச் சேர்ந்தபோது, படுக்கையிலிருந்தவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கையைக் கழுவிட்டேன், கொண்டா பிள்ளையை!" என்றார்.

தாய்மார்களே! திருவிழா ஆண்டுதோறும் வரும். பேருந்தும் ரயிலும் நாள்தோறும் ஓடும். பச்சைக் குழந்தையின் முதல் 6 வாரம் ஒரு தடவைதான் வரும். பொறுத்துப் போங்கள், பத்திரமாகப் போங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்; 104க்கும் போன் செய்து கேட்கலாம்.